எஸ்.ஐ. வீட்டில் ஒரு பிரவுசர் விசாரணை

முப்பிடாதி டீச்சர் கணினியில் பிரவுசரைத் தட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அரிசியைக் களைந்து குக்கரில் வைத்துவிட்டு வந்து பார்த்தால், திரையில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டே இருந்தது. முதல் விசில் அடித்த பிறகுதான் பக்கம் திறந்தது.

தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். பத்தாம் வகுப்பு இடைப்பருவத் தேர்வு வினாத்தாளை மறுநாள் காலையில், தேர்வுப் பொறுப்பைப் பார்க்கிற பெர்சிஸ் டீச்சர் கையில் கொடுத்தாக வேண்டும். தாமதமாக வருகிற தாளை பெர்சிஸ் டீச்சர் திட்டமாட்டாள். ஆசிரியர் அறை முழுக்கக் கேட்கும்படி ஒரு ஸ்தோத்திரம் சொல்லி வாங்கிக்கொள்வாள். அதற்குத் திட்டே பரவாயில்லை.

வினாத்தாளை இணையத்தில், பிரவுசருக்குள்தான் அடித்து வைத்திருந்தாள். முப்பிடாதி எக்ஸ் எழுத்தைத் தட்டினாள். வரவில்லை. மறுபடி தட்டினாள், பிறகு கோபத்தில் நாலைந்து தடவை தட்டினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டு, மணி அடித்ததும் வகுப்பிலிருந்து பிள்ளைகள் வருகிற மாதிரி எல்லா எக்ஸும் ஒன்றாக வந்து விழுந்தன. அழிக்கப் போனாள். அதுவும் பிந்தி வந்து, சரியாக இருந்த சமன்பாட்டில் பாதியைத் தின்றுவிட்டது. இதற்கிடையில் வலது மூலையில் 'டிங் டிங்' என்று பெட்டி பெட்டியாக முளைத்தது. ஒன்றில் தங்கம் விலை, ஒன்றில் ராசிபலன், இன்னொன்றில் 'உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள்'.

"ஏங்க, இந்தச் சவம் நகர மாட்டேங்கு" என்றாள்.

இசக்கிப்பாண்டி கூடத்திலிருந்து எழுந்து வந்தார். மே மாதம்தான் சப் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றிருந்தார். கடைசி சில வருஷம் குற்றாலத்தில் வேலை. அருவியில் தண்ணீர் கூடினால் விசில் ஊதிக் கூட்டத்தை வெளியேற்றுவதும், குறைந்தால் உள்ளே விடுவதும் அவர் சொல்படிதான் நடக்கும். இந்த வருஷம் சாரல் விழத் தொடங்கியதிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் பள்ளிக்கூடம் போனபிறகு பகல் முழுக்க இந்தக் கணினிதான் அவருக்குத் துணை.

"தானா எப்படிட்டி மெதுவாகும்? யாரோ வேல பாத்துருக்கான்."

"யாரும் பாக்கல. நம்ம பய ராசாவக் கூப்பிட்டுக் கேப்போம்."

"அவன் பெங்களூர்ல இருந்துக்கிட்டு என்னத்தப் பாப்பான்? ஸ்பாட்ல விசாரிக்கணும். இங்கன யார் யார் வந்து போனான்னு சொல்லு."

வந்து போனது ஒரே ஆள். மாடியில் குடியிருக்கிற விஜயசங்கர். மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், போன வாரம் ஒரு பிரிண்ட் எடுக்க வந்திருந்தான். இசக்கிப்பாண்டி அவனுக்குப் போன் போட்டு இறங்கி வரச் சொன்னார். பிறகு உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். சொந்த வீட்டுக்குள் விசாரிக்கச் சட்டை எதற்கு என்று முப்பிடாதி கேட்க நினைத்தாள், கேட்கவில்லை.

"போன வாரம் இந்த மிஷின்ல என்ன பண்ணுன?"

"பஸ் டிக்கெட் பிரிண்ட் எடுத்தேன், சார்."

"அப்புறம்?"

"கிரிக்கெட் ஸ்கோர் பாத்தேன், சார். ரெண்டு நிமிசம்."

இசக்கிப்பாண்டி அதற்குமேல் கேட்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டேஷனில் அவர் அடித்துக் கேட்டதைவிட இப்படிப் பார்த்துக் கேட்டதுதான் அதிகம் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். விஜயசங்கரின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

"சார், அந்தப் பச்சத் துண்டு நான்தான் எடுத்தேன்."

"எந்தத் துண்டு?" என்று முப்பிடாதி திரும்பினாள்.

"மாடிக் கொடியில காஞ்சது, டீச்சர். அஞ்சருவிக்குக் குளிக்கப் போனோம். வந்து பழையபடி போட்டுரலாம்னுதான் எடுத்தேன். தண்ணி இழுத்துட்டுப் போய்ட்டு."

அந்தத் துண்டை இஸ்திரி போடுகிற அண்ணாச்சிதான் தொலைத்தார் என்று நினைத்து அவரிடம் அவள் இத்தனை நாளாக முகம் கொடுத்துப் பேசியிருக்கவில்லை. விஜயசங்கர் அதோடும் நிற்கவில்லை. தண்ணித் தொட்டி ஒருநாள் நிரம்பி வழிந்ததே, அன்றைக்கு மோட்டாரை அணைக்காமல் தூங்கியதும் தான்தான் என்று சொல்லிவிட்டு, போகலாமா என்று கேட்டுக்கொண்டு மாடியேறினான்.

"பாத்தயா, ஒரே விசாரணையில ரெண்டு கேஸ் முடிஞ்சிருக்கு" என்றார் இசக்கிப்பாண்டி.

"மிஷின் நின்ன எடத்துலயே நிக்கி" என்றாள் அவள். மகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

இசக்கிராஜா அலுவலகத்தில் இருந்தான். அடிக்குரலில் பேசினான். "ம்மா, பிரவுசர் மேல வரிசையா டேப் இருக்கும்லா, எத்தன தெறந்திருக்கு?"

முப்பிடாதி பார்த்தாள். திறந்த பக்கம் ஒவ்வொன்றும் ஒரு டேப். கூட்டம் கூடக்கூட அவை ஒடுங்கி ஒடுங்கி, பெயர்கூடத் தெரியாமல் தீக்குச்சி அகலத்துக்கு வந்திருந்தன. "எண்ண முடியலயேலே" என்றாள். கணவரைப் பார்த்து, "ஏங்க, பாத்த பக்கத்த மூடக்கூடாதா?" என்றாள்.

"பாதிதான படிச்சிருக்கேன். விசாரணை முடியாத ஃபைல எப்படிட்டி மூட?"

திறந்து கிடக்கிற பக்கம் ஒவ்வொன்றும் கணினியின் நினைவகத்தைத் தின்னும் என்று மகன் சொன்னான். புதுப்பிக்கச் சொல்லி மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த பிரவுசரை அவர் 'பிறகு', 'பிறகு' என்றே தள்ளிப்போட்டிருந்ததும் தெரிந்தது. கடைசியாக, அமைப்புகளுக்குள் போய் 'அறிவிப்புகள்' என்று இருப்பதைத் திறக்கச் சொன்னான். முப்பிடாதி திறந்தாள். கீழே இறக்க இறக்கத் தளங்களின் பெயர் வந்துகொண்டே இருந்தது. அவள் வாசிக்கத் தொடங்க, மகன் பாதியில் குறுக்கிட்டான்.

"இத்தன தளத்துக்கு யாரும்மா அனுமதி கொடுத்தது?"

இசக்கிப்பாண்டி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "கேட்டாங்க. கொடுத்தேன்" என்றார்.

அப்பாவுக்கு வசதியாக இருக்கட்டும் என்று பிரவுசரைத் தமிழில் மாற்றிக் கொடுத்தவன் இசக்கிராஜாதான். எந்தத் தளத்துக்குப் போனாலும் ஒரு பெட்டி வந்து, அறிவிப்புகளைக் காட்ட அனுமதி கேட்கும். கீழே 'அனுமதி', 'தடு' என்று இரண்டு பொத்தான்.

"எல்லாத்துக்குமா கொடுப்பாங்க?" என்றாள் முப்பிடாதி.

"மரியாதையாத்தான கேக்கான். சர்வீஸ்ல மைக் செட்டுக்கு அனுமதி, ஊர்வலத்துக்கு அனுமதின்னு வாசல்ல நிப்பானுவ. முக்காவாசிப் பேருக்கு இல்லன்னுதான் சொல்லிருக்கேன். வீட்டுல இருந்துக்கிட்டு எதுக்கு ஒருத்தன இல்லங்கணும்னு பாத்தேன்."

போனில் மகன் சிரித்தான். முப்பிடாதி ஸ்பீக்கரை அணைத்து, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் வெளியே வரவில்லை. மே மாதத்துக்குப் பிறகு 'ஐயா இருக்காங்களா' என்று யாரும் வாசல் கேட்டைத் திறக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

நாற்காலியை விட்டு எழுந்தாள். "அனுமதி கொடுத்தது நீங்க. ரத்து பண்ணுததும் நீங்கதான் பண்ணணும்."

இசக்கிப்பாண்டி உட்கார்ந்தார். ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசித்தார்.

"முடி உதிர்வு. என் தலையப் பாத்த பொறவும் அனுமதி கேட்டிருக்கான், பாரு. ரத்து."

"ராசிபலன். நேத்து வீடு தேடி விருந்தாளி வரும்னான். ஒரு காக்கா வரல. ரத்து."

'ஐந்து வைரஸ்கள்' வந்ததும் கொஞ்சம் நிதானித்தார். "கூட்டத்துல கூடவே நின்னு 'திருடன், திருடன்'னு கத்துவாம்லா, அவனத்தான் மொதல்ல பிடிக்கணும். இவன்தான் அவன்." அதை இரண்டு தடவை அழுத்தினார்.

அடுத்து, பிரவுசரில் கூடுதலாக ஒட்டவைக்கிற குட்டி நிரல்களான எக்ஸ்டென்ஷன்கள். கூப்பன் தேடுவது, பாட்டு இறக்குவது எல்லாம் போயின. புதுப்பக்கம் திறக்கும்போதெல்லாம் ஓர் அருவியை ஓடவிடுகிற எக்ஸ்டென்ஷனில் அவர் கை நின்றது.

"இது மட்டும் இருக்கட்டும்ட்டி."

"பஸ் ஏறுனா நெசமான அருவி கெடக்கு. இது எதுக்கு?"

"அங்க போனா டூட்டில நிக்க பயலுவ சல்யூட் அடிக்கணுமா வேண்டாமான்னு முழிக்கானுவ. அவனுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்."

"அப்ப அது இருக்கட்டும்" என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் திரையில் விழுகிற தண்ணீரைப் பார்த்தார். "வேண்டாம். ஒருத்தனுக்கு மட்டும் சலுக காட்டக்கூடாது" என்று அதையும் நீக்கினார்.

அதற்குப் பிறகு வேகம் பிடித்துவிட்டது. அவள் குக்கரைத் திறந்து சோற்றைக் கிளறிவிட்டு வருவதற்குள், "டேப் பூரா மூடியாச்சு, புதுப்பிச்சாச்சு, குப்பையெல்லாம் கழிச்சாச்சு" என்று எழுந்து நின்றார்.

"பூராவா? என் வினாத்தாள்?"

"அதுவும் அந்த வரிசையிலதான நின்னுச்சு."

மகனுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. இசக்கிப்பாண்டி சட்டையின் மேல் பித்தானைப் போட்டார், கழற்றினார். அவள் பிரவுசரைத் தட்டினாள். உட்காருவதற்குள் திறந்துவிட்டது. மறுபடி உள்நுழையச் சொன்னது, நுழைந்தாள். வினாத்தாள் அங்கேயே இருந்தது, அவள் கோபத்தில் தட்டிய அத்தனை எக்ஸும் ஒன்றுவிடாமல். அவள் மூச்சுவிட்டதைப் பார்த்து அவரும் விட்டார்.

இப்போது தட்டின எழுத்து தட்டின கையோடு வந்தது. மூலையில் எதுவும் முளைக்கவில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே தாள் முடிந்து, பிரிண்டரில் சூடாக வந்து விழுந்தது.

"எனக்கும் ஒரு பிரிண்ட் எடு" என்றார் இசக்கிப்பாண்டி.

"எதுக்கு?"

"சும்மா கணக்கப் போட்டுப் பாக்கேன். கேள்வியில தப்புக் கிப்பு இருந்தா சொல்லணும்லா."

அவள் இன்னொரு பிரிண்டும் வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்துவிட்டு ரசம் கூட்டப் போனாள். அடுப்படியிலிருந்து பார்த்தபோது முதல் இரண்டு கணக்கையும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து வேகமாகப் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது, இரண்டு குழாய் சேர்ந்து தொட்டி நிரப்புகிற கணக்கு; அதில் பேனா நின்றுவிட்டது. ரசப் பாத்திரத்தோடு அவள் கூடத்துக்கு வந்தபோது அவர் இடது கையை விரித்துத் தாளை மறைத்துக்கொண்டார். முப்பிடாதி பார்க்காதது போலப் பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு அப்பளம் பொரிக்கப் போனாள்.