வேனுக்குப் போட்ட சீட்டு

ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த பொட்டல் இப்போது கட்டண வண்டி நிறுத்தம். சும்மா கட்டணம் இல்லை, வண்டியின் எடைக்குத் தக்க கட்டணம். ஸ்கூட்டருக்குக் கொஞ்சம், காருக்கு அதற்குமேல். வேன், லாரி என்றால் குண்டாகப் பிறந்த பாவத்துக்குத் தண்டம் அழ வேண்டும். நுழைவாயில் கூண்டில் உட்கார்ந்து சீட்டுப் போடுவது பாஞ்சாலியின் வேலை. அவள் வீட்டில் வேறு சம்பாத்தியம் கிடையாது.

போன வாரம் பின்வாசலில் இருந்த யாக்கோபு, மச்சானின் மினி லாரிக்குக் கார் சீட்டுப் போட்டுவிட்டான். சாயங்காலம் ஆபீஸில் கேமரா படத்தையும் சீட்டையும் ஒத்துப் பார்த்தார்கள். மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை. அதிலிருந்து பாஞ்சாலி கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு சீட்டுப் போட்டாள்.

அன்று காலை இருமிக்கொண்டே வந்து நின்ற வெள்ளை வேனைப் பார்த்ததும் அவள் எழுந்தே விட்டாள். அந்த இருமலை எங்கே கேட்டாலும் அவளுக்குத் தெரியும். பொன்னுரங்கம் அண்ணனின் வண்டி.

செல்போன் கம்பெனி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் வடக்குப்பட்டுப் பெண்களை ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு ஏற்றிப்போனது இந்த வேன்தான். கடைசியாக ஏறுகிறவள் டிரைவர் பக்கத்தில் இன்ஜின் பெட்டிமேல் உட்கார வேண்டும் என்பது அந்த வண்டியின் சட்டம். உட்கார்ந்த இடம் கொதிக்கும். முக்கால்வாசி நாள் அந்தச் சிம்மாசனம் பாஞ்சாலிக்குத்தான். ஈரத் தலையோடு ஓடிவருவாள். கூட வேலை பார்த்த அம்சவல்லி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி டிபன் பாக்ஸை வாங்கிக்கொள்வாள். "மகாராணி வந்தாச்சு, எடுண்ணா வண்டிய!" என்று வேனே கத்தும். பொன்னுரங்கம் ஒருநாளும் அவளை விட்டுவிட்டுப் போனதில்லை. சம்பளம் கொஞ்சம், தூக்கம் அதைவிடக் கொஞ்சம். ஆனாலும் அன்று சிரித்த மாதிரி அதற்குப் பிறகு அவள் சிரித்ததே இல்லை.

"இன்னா பாஞ்சாலி, நீயா இங்க குந்திகினு கீற?"

"நான்தாண்ணா. எவ்ளோ நாளாச்சு! சவாரில்லாம் ஓடுதா?"

"எங்க ஓடுது? முன்னெல்லாம் இதே எடத்துல சும்மா நிறுத்திகினு சவாரிக்கு நிப்பேன். இப்ப எடைக்குத் துட்டாமே. டெய்லி குடுத்தா கட்டாதும்மா. பழைய இரும்புக்காரன் வேற கேட்டுகினே கீறான். இங்க வெயிட்டுக்கு நான் குடுக்கணும், அங்க வெயிட்டுக்கு அவன் எனக்குக் குடுக்கறான். ரேட்ட பாத்துட்டு முடிவு பண்லாம்னு வந்தேன்."

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த யானை இறந்தால்தான் பொன் என்று ஆகிவிட்டது. அந்த வேனைத் துண்டு துண்டாக வெட்டுவார்கள் என்பதைப் பாஞ்சாலியால் தாங்க முடியவில்லை. யாக்கோபு ஞாபகம் வந்தது. வந்தால் வரட்டும் என்று 'கார்' பொத்தானை அமுக்கிச் சீட்டை நீட்டினாள்.

"இந்தாண்ணா. தெனிக்கும் என் கேட்டாண்டயே வா. இதான் ரேட்டு."

பொன்னுரங்கம் சீட்டைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். வண்டியை விட்டு இறங்கிக் கூண்டருகே வந்தார்.

"காருன்னு போட்டுகீற. என் வண்டி எப்ப காரு ஆச்சு?"

"யாருக்கும் தெரியாதுண்ணா. நீ உள்ள போ."

"மேல கேமரா கீதே."

"பாத்தா பாக்கட்டும். இன்னா பண்ணிருவாங்க?"

"வேலைய வுட்டுத் தூக்கிருவாங்க." சீட்டை அவள் முன்னால் திரும்ப வைத்தார். "கம்பெனிய மூடின அன்னிக்கு உங்க எல்லாரையும் நான்தான் வூடு வூடா எறக்கிவுட்டேன். ஒருத்தி வாயத் தொறக்கல. அம்சவல்லி எறங்கவே மாட்டேன்னு ஜன்னல் கம்பியப் புடிச்சிகினு குந்திட்டா. அந்த மாதிரி இன்னொரு சவாரி என்னால ஓட்ட முடியாதும்மா. வேனுக்குப் போடு."

அவள் முதல் சீட்டை ரத்து செய்துவிட்டு வேனுக்குப் போட்டாள். அவர் முழுக் கட்டணத்தையும் கொடுத்தார்.

"இன்னிக்கு ஒரு நாள் நிக்கட்டும். நாளைக்குக் காலைல இரும்புக் கடைக்கு ஓட்டிகினு போறேன்."

வேன் உள்ளே போனதும் பாஞ்சாலி, இப்போது வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் அம்சவல்லிக்குப் போன் போட்டாள்.

"நம்ம வேனு இங்க நிக்குதுடி. இன்னிக்கு மட்டுந்தான். நாளைக்கு வெட்டப் போறாங்க."



"ஷிப்டு முடிஞ்சி ஓ.டி. கீது," என்றாள் அம்சவல்லி. "அத்த வுட்டுட்டு வரேன்."