பாப்பாவுக்கு எது நல்லது

என் கணவருக்கு ‘நாங்க’ இல்லாமல் வாய் திறக்க வராது. “நாங்க அப்பாவை நல்லாப் பாத்துக்கறோம் சித்தப்பா, ஒரு குறையும் இல்ல” என்று அவர் போனில் சொல்வதைக் கேட்டால், குடும்பமே வரிசையில் நின்று என் மாமனாருக்குக் கால் பிடித்துவிடுவதாகத்தான் யாருக்கும் தோன்றும். சொல்லும்போது அவர் சோபாவில் காலை நீட்டிப் படுத்திருப்பார். உள்ளே மாமனாரைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, வராத வலது கையைப் பக்குவமாகச் சட்டைக்குள் நுழைத்துக்கொண்டிருப்பது பாப்பா.

பாப்பா என்றால் குழந்தை இல்லை. என் நாத்தனார், வயது முப்பத்தாறு. பல் லேபில் வேலை. பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பினால் அதற்குப் பீங்கானில் பல் செய்து கொடுக்க வேண்டும். பக்கத்துப் பல்லின் நிறத்தை அவள் பிடிப்பதுபோல அந்த லேபில் வேறு யாருக்கும் வராது. டீ குடித்து டீ குடித்து மங்கின மஞ்சளைக்கூட அப்படியே கொண்டுவருவாள். இவ்வளவு கெட்டிக்காரியை வீட்டில் பாப்பா, பாப்பா என்றே கூப்பிட்டு, பாங்க்கில் சொந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் சும்மா உட்கார்ந்திருக்கும் அளவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள்.

மாமனார் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஒரு பெட்டி முழுவதையும் ஒரு முறைப்பில் அடக்கியவர். ஒன்றரை வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு வரும், ஆனால் ஆடி அசைந்து வரும். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நாம் ஒரு துணியை மடித்து வைத்துவிடலாம். அவ்வளவு பொறுமை எங்களில் யாருக்கு இருக்கிறது? அவர் “எனக்கு…” என்று ஆரம்பித்ததுமே என் கணவர் “தண்ணியாப்பா?” என்று முடித்துவிடுவார். தண்ணீர் வந்துவிடும். மனிதர் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் குடிப்பார். தாகமே இல்லாமல் இவ்வளவு தண்ணீர் குடித்த மனிதரை நான் பார்த்ததில்லை. அதற்கப்புறம் பாத்ரூமுக்கு யார் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போவது? அதுவும் பாப்பாதான்.

இந்த நேரத்தில்தான் வேறு ஊரில் ஒரு பெரிய லேபில் அவளைக் கேட்டார்கள். வீடியோவில் நேர்காணல். நான் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். “உங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க” என்றாள் அந்தப் பக்கத்து அம்மாள்.

“எங்க அப்பா ரயில்வேல இருந்தாங்க. இப்ப உடம்பு சரியில்ல. எனக்கு ரெண்டு அண்ணன். பெரிய அண்ணன் இன்சூரன்ஸ் ஆபீஸ்ல இருக்காரு, சின்ன அண்ணன் வெளிநாட்டுல. அண்ணி மருந்துக் கடையில வேலை பாக்கறாங்க, அவங்களுக்கு பிரஷர் இருக்கு.”

என் பிரஷரைப் பற்றி அந்த அம்மாளுக்கு என்ன வந்தது? நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, “எல்லாம் சரிங்க. இதுல நீங்க எங்க இருக்கீங்க?” என்று கேட்டாள். பாப்பா திருதிருவென்று விழித்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள், பதிலை நான்தான் எங்கேயோ எடுத்து வைத்திருப்பதுபோல. பேச்சை விட்டுவிட்டு வேலையைக் காட்டு என்று சைகை காட்டினேன். செய்து வைத்திருந்த பற்களை எடுத்துக் கேமராவுக்கு முன்னால் நீட்டினாள். அப்புறம் அவர்கள் வேறு கேள்வி கேட்கவில்லை. பீங்கான் பிரிவுக்கே அவள்தான் தலைமை, லேபை ஒட்டியே தரைத்தளத்தில் வீடு, திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே மனது ஒரு கணக்கும் போட்டது. அவள் போனால் மாமனார் யார் தலையில் விழுவார் என்று எனக்குத் தெரியாதா என்ன? நாள் முழுக்கக் கவுண்ட்டரில் நின்று வீங்கின காலோடு வருகிறவள் நான். இதை யாரிடம் சொன்னாலும் பொல்லாத மருமகள் என்பார்கள். அதனால் சொல்லவில்லை.

அதே வாரம் கொழுந்தன் லீவில் வந்து இறங்கினான். எட்டு வருடம் வெளிநாட்டில் தனி வீட்டில் இருந்து, தன்னைத் தானே கண்டுபிடித்துக்கொண்டு வந்திருந்தான். எதற்கெடுத்தாலும் “என் ஸ்பேஸ்”, “என் லிமிட்”, “நான் எனக்கு உண்மையா இருக்கணும்.” அறைக்குள் போனால் கதவைத் தாழ் போட்டுக்கொள்வான். சாப்பாட்டுக்கு மட்டும் கூப்பிடாமலே வருவான். சாப்பிட்ட தட்டைக் கழுவுவது மட்டும் எப்படியோ அவனுடைய லிமிட்டுக்குள் வரவில்லை.

பாப்பாவுக்கு வந்த வேலையைக் கேட்டதும் குதித்தான். அவளை எதிரில் உட்கார வைத்தான்.

“கண்ணை மூடு பாப்பா. நல்லா மூச்சை இழுத்து விடு. உனக்கு என்ன வேணும்னு உள்ள இருக்கற உன்னைக் கேளு. அண்ணனை விடு, அப்பாவை விடு. நீ, நீ மட்டும்.”

அவள் கண்ணை மூடினாள். நெற்றி சுருங்கியது. உண்மையிலேயே தேடுகிறாள் என்று எனக்குப் பட்டது. உதடு லேசாகப் பிரிந்தது. அதற்குள் அவன், “போ போன்னு சொல்லுதுல்ல? எனக்குத் தெரியும். உன் முகத்துலயே தெரியுது!” என்று கையைத் தட்டினான்.

பாப்பா கண்ணைத் திறந்தாள். “உனக்கு டீ போடட்டுமாண்ணா?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தில் கூட்டம் போட்டோம். எங்கள் வீட்டுக் கூட்டத்துக்கு ஒரு முறை உண்டு. யாரும் தனக்கு என்ன வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் சுயநலம். அடுத்தவருக்கு எது நல்லது என்றுதான் பேச வேண்டும். அதனால் ஆளாளுக்குத் தனக்கு வேண்டியதை எடுத்து, அது அடுத்தவருக்கு நல்லது என்று பூசி மெழுகிச் சாதித்துக்கொள்வார்கள்.

“எனக்கு ஒண்ணும் இல்ல. நான் பாப்பாவுக்கு எது நல்லதுன்னுதான் பாக்கறேன்” என்று என் கணவர் ஆரம்பித்தார். “தெரியாத ஊரு. தனியா ஒரு பொண்ணு. இங்கன்னா நாங்க இருக்கோம். அப்பாவும் இவ இல்லன்னா ஏங்கிப் போயிடுவாரு. நாம ஒரு குடும்பம். ஒரே கையில இருக்கற விரல் மாதிரி.”

அந்தக் கையில் வேலை செய்கிற விரல் எது என்று கேட்க எனக்கு நாக்கு அரித்தது.

“இதுதான், இந்த ‘நாம’தான் இவளை முழுங்கிடுச்சு” என்று கொழுந்தன் பாய்ந்தான். “இது அவ வாழ்க்கை. அவ போகணும். முதல்ல ஒருத்தி தன்னைப் பாத்துக்கணும், அப்புறம்தான் அடுத்தவங்க.”

எனக்கே கை தட்டலாம்போல இருந்தது. ஆனால் மாமனாரை எழுப்பி உட்கார வைக்கக் கை தட்டல் போதாதே. “ரொம்ப சரி தம்பி” என்றேன். “உங்களுக்கு லேப்டாப்புல வேலை. எங்க இருந்தும் பாக்கலாம்னு நீங்கதான் சொன்னீங்க. ஒரு ஆறு மாசம் இங்கயே இருந்து மாமாவைப் பாத்துக்குங்களேன்.”

அவன் முகத்தில் ஈயாடவில்லை. “அண்ணி, தப்பா நினைக்காதீங்க. அது என்னால முடியாது. எனக்கு நான் உண்மையா இருக்கணும் இல்லையா?”

“பாத்தியா?” என்று என் கணவர் துள்ளினார். “நான் நான்னு பேசினா இங்கதான் வந்து நிக்கும்.”

இப்போது இரண்டு பேரும் பாப்பாவைப் பார்த்தார்கள். கொழுந்தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். குரல் குழைந்தது. “பாப்பா, நான் ஒண்ணு யோசிச்சேன். ஒருவேளை உன் உண்மையான செல்ஃப் இதுதானோ என்னவோ. அடுத்தவங்களைப் பாத்துக்கறதுலதான் உனக்கு நிறைவோ என்னவோ. நீயா விரும்பி இங்க இருந்தா அது அடிமைத்தனம் இல்ல. அதுவும் உன் சாய்ஸ்தான்.”

“அதைத்தானே நானும் சொல்றேன்!” என்றார் என் கணவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருவன் குடும்பத்தின் பெயரால் அவளைக் கட்டிப் போடுகிறான், இன்னொருவன் அவள் பெயராலேயே கட்டிப் போடுகிறான். கயிறுதான் வேறு, முடிச்சு ஒன்றுதான். சற்று முன் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறியவர்கள் இப்போது ஒத்து ஊதுகிறார்கள். பாப்பா விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு நிமிடம் விட்டால் “சரிண்ணா” என்று சொல்லிவிடுவாள். எனக்கு அது தெரிந்துபோனது. என் காலுக்கு அது எவ்வளவு சௌகரியம் என்பதும் தெரிந்துதான் இருந்தது. அந்தச் சௌகரியமே என்னை உறுத்தியது.

“போதும், நிறுத்துங்க ரெண்டு பேரும்” என்று எழுந்தேன். “அவ போறா. நாளைக்குப் போன் பண்ணி வர்றேன்னு சொல்லட்டும். மாமா இங்க இருக்கட்டும். காலைல அவரைக் குளிப்பாட்டறது இவரு, சாயங்காலம் நான். முடிஞ்சுபோச்சு.”

என் கணவர் மூச்சை உள்ளே இழுத்தவர் வெளியே விடவில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள் என்று எதிர்பார்த்தேன். பொய் சொல்வானேன், எதிர்பார்த்தேன்தான்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அண்ணி, நீங்களாவது கேப்பீங்கன்னு நினைச்சேன்” என்றாள்.

எழுந்து போய் மாமனார் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாங்கள் மூன்று பேரும் கதவுக்கு வெளியே போய் நின்றோம். “அவளுக்கு ஸ்பேஸ் கொடுங்கண்ணா” என்று சொல்லிக்கொண்டே கொழுந்தன் கதவில் காதை வைத்தான். பாப்பா ஏதோ கேட்பது கேட்டது. பிறகு மாமனாரின் குரல். “எனக்கு…”

பழக்க தோஷம், என் கணவர் “தண்ணி” என்று கதவைத் திறக்கப் போனார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பாப்பா அவருக்கு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. அவரும் அவசரப்படவில்லை. வெகு நேரத்துக்கு அப்புறம் ஒரு வார்த்தை வந்தது, இன்னும் வெகு நேரம் கழித்து இன்னொன்று. வெளியே எங்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒன்றரை வருடத்தில் அந்த மனிதர் ஒரு வாக்கியத்தைத் தானே முடித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

கதவு திறந்தது. “அப்பாகிட்டக் கேட்டேன். வர்றேன்னு சொன்னாங்க. நான் அப்பாவைக் கூட்டிட்டுப் போறேன்” என்றாள்.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

“சொந்தக்காரங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்? நாங்க பாத்துக்கறோம்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்!”

“பாப்பா, இதுவா விடுதலை? இருக்கற சுமையையும் தூக்கிட்டுப் போறியே! உனக்காக நீ வாழ வேண்டாமா?”

“தனியா எப்படிச் சமாளிப்பே?” என்று இருவரும் சேர்ந்தே முடித்தார்கள்.

“இங்க யாரு கூட இருந்து சமாளிச்சேன்?” என்றாள் பாப்பா. குரலை உயர்த்தவே இல்லை. “சுமைன்னு நான் சொன்னேனா? வீடு லேப் பக்கத்துலதான். பகல்ல ஒரு ஆள் போட்டுக்கறேன், மத்தியானம் நானே வந்து சாப்பாடு கொடுத்துடுவேன். எனக்கு அந்த வேலை வேணும். அப்பாவும் வேணும். இதுல எது நான், எது குடும்பம்னு எனக்குப் பிரிக்கத் தெரியல, பிரிக்கவும் வேண்டாம். எனக்கு வேண்டாதது நீங்க மூணு பேரும்தான்.”

இரண்டு பேர் என்று சொல்ல வந்துதான் வாய் தவறியிருப்பாள் என்று நினைத்தேன். திருத்துவாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திருத்தவில்லை. கொழுந்தன் தன் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். என் கணவர் போனைக் கையில் எடுத்தார், யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் கீழே வைத்தார்.

அவள் மாமனாரின் துணிகளைக் கட்டிலில் போட்டு மடிக்க ஆரம்பித்திருந்தாள். நான் வாசலில் நின்றேன். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்து ஒரு தடவைகூடக் கேட்காததை அப்போதுதான் கேட்டேன். “உனக்கு என்ன வேணும் பாப்பா? நான் என்ன செய்யட்டும்?”

அவள் மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. பெட்டியா, துணி துவைத்துத் தரவா, டிக்கெட் எடுக்கவா என்று நாக்கு நுனிவரை வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு காத்திருந்தேன். மாமனாரும் கட்டிலில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கதவைச் சாத்திட்டுப் போங்க அண்ணி” என்றாள்.