புகையிலைக்கு ஒரு நெட்டை அடி

ப்ளோவ்திவ் நகருக்கு வெளியே இருந்த அந்த ஆராய்ச்சிக் கூடத்துக்கு ஒரேயொரு கண்ணாடி வீடுதான். அதற்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். ஒரு பாதியில் ஸ்பாஸின் வெள்ளரி. அது எவ்வளவு நேராக வளரும் என்றால், அலுவலகத்தில் கோடு போட அதைத்தான் எடுத்துப்போவார்கள். மறுபாதியில் நெவேனாவின் புகையிலை. அது ஒன்றும் செய்யாமல் நின்றது.

உண்மையில் அது ஒளிர வேண்டும். ஜெல்லி மீன் ஒன்றின் மரபணுவை நெவேனா அதற்குள் ஏற்றியிருந்தாள். நீல விளக்கைக் காட்டினால் இலை பச்சையாக மின்ன வேண்டும். அக்டோபர் கடைசியில் வரும் புனித திமித்ரி நாளுக்குள் மின்னாவிட்டால் கண்ணாடி வீடு முழுக்க வெள்ளரிக்குத்தான் என்று இயக்குநர் ஓக்னியான் சொல்லிவிட்டார். அந்த நாட்டில் கூலியாட்களைக் கணக்குத் தீர்த்து அனுப்புகிற நாள் அது. செடிக்கும் அதே நாளை வைத்தார்.

நெவேனா சும்மா இருக்கவில்லை. மரபணு என்பது மூன்றெழுத்துச் சொற்களால் ஆன நீண்ட கட்டளை. ஒவ்வொரு சொல்லும் ஒரு அமினோ அமிலத்தைக் கேட்கும். அவற்றைக் கோத்தால் புரதம். ஒரே அமிலத்தைக் கேட்கப் பல சொற்கள் உண்டு. எதைச் சொன்னாலும் வருவது ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு உயிருக்கும் வாயில் பழகிய சொற்கள் என்று சில இருக்கும். ஜெல்லி மீனின் கட்டளையைப் புகையிலை திக்கித் திக்கிப் படித்தது.

ஆகவே கோடை முழுக்க உட்கார்ந்து, பழக்கமில்லாத சொற்களையெல்லாம் களைந்து, புகையிலைக்கு மிகவும் பிடித்த சொற்களாகவே போட்டு மரபணுவைப் புதிதாகச் செய்வித்தாள். இப்போது புகையிலை தடதடவென்று படித்தது. புரதம் குவிந்தது. ஒளி மட்டும் வரவில்லை. புரதச் சரம் துணிபோல ஒழுங்காக மடிந்தால்தான் மின்னும். இது மடிய வேண்டிய விதத்தில் மடியாமல், அழுக்குத் துணி மூட்டைபோலக் கட்டிகட்டியாகக் கிடந்தது. ஏன் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஸ்பாஸ் மகளுக்குக் கல்யாணம். போகாவிட்டால் பொறாமை என்பார்களே என்று போனாள். மேளக்காரர் திராட்சை பறிக்கப் போய் முதுகு பிடித்துப் படுத்துவிட்டாராம். ஸ்பாஸ் அசரவில்லை, கணினியில் தானே தாளம் செய்து கொண்டுவந்திருந்தார்.

அந்த ஊர் ஆட்டத்துக்குத் தாளம் இரண்டு குட்டை அடி, ஒரு நெட்டை அடி.

“அந்த இழுவை எதுக்கும்மா? வெட்டிட்டேன்,” என்றார் ஸ்பாஸ். “எல்லா அடியும் ஒரே அளவு. என் வெள்ளரி மாதிரி.”

“பாத்துண்ணே. ஆடறவங்க வெள்ளரி இல்ல.”

ஊரே கைகோத்து ஆடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில், கால் வைக்க வேண்டிய இடத்தில் அடுத்தவர் கால் இருந்தது. வரிசை முறுக்கி, முடிச்சாகி, விழுந்தது. மணமகளின் அத்தை வறுத்த ஆட்டின்மேல் உட்கார்ந்தார். தப்பு ஆட்டின்மேல்தான் என்று இன்றுவரை சொல்கிறார். பாதிரியாரின் தாடி மாப்பிள்ளையின் பொத்தானில் மாட்டி, கத்தரிக்கோல் வரும்வரை அவர்கள் இருவருமே ஜோடியாக ஆட வேண்டியதாயிற்று.

எல்லோரையும்விட அதிகம் சிரித்தவள் நெவேனாதான். சிரித்துக்கொண்டே எழுந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். நெட்டை அடியில் யாரும் புதிதாகக் கால் எடுத்து வைப்பதில்லை. முழங்காலைத் திருப்புவதும், பாரத்தை மாற்றுவதும், பக்கத்து ஆளைக் கண்ணால் அளப்பதும் அப்போதுதான். பார்த்தால் சும்மா நிற்பதுபோல இருக்கும். அதை வெட்டிய ஸ்பாஸைப் பார்த்துச் சிரித்தாளே, கோடை முழுக்க அவள் செய்ததும் அதுதானே? ஜெல்லி மீனின் கட்டளையில் இடையிடையே அந்த மீனுக்கே அரிதான சொற்கள் இருந்தன. அங்கே படிப்பு சற்றுத் தயங்கும். அந்தத் தயக்கத்துக்குள் அதுவரை வந்த பாதிப் புரதம் மடிந்துகொள்ளும். அதைச் சோம்பல் என்று அவள் களைந்திருந்தாள்.

திங்கட்கிழமை இயக்குநர் முன்னால் நின்றாள். அதே இடங்களில் மட்டும் புகையிலைக்கு அரிதான சொற்களை வைக்க வேண்டும், மரபணுவை இன்னொரு முறை செய்ய வேண்டும் என்றாள். ஓக்னியான் கண்ணாடியைக் கழற்றினார்.

“வேகமாக்கித் தாங்கன்னு வர்றவங்களப் பாத்திருக்கேன். மெதுவாக்கித் தாங்கன்னு நீதாம்மா வந்திருக்கே.”

ஆனாலும் கையெழுத்துப் போட்டார். கெடு நாளை மட்டும் தள்ளிவைக்கவில்லை. புதிய மரபணு கடைசி வாரத்தில்தான் வந்தது. ஊசியில்லாத பீச்சாங்குழலால் அதை இலைக்குள் செலுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

புனித திமித்ரி நாள் காலையில் ஓக்னியான் வந்தார். ஸ்பாஸ் அளவுநாடாவோடு வந்தார். திரையை இழுத்துவிட்டு நெவேனா நீல விளக்கைப் போட்டாள். இலை நரம்பு நரம்பாகப் பச்சையில் எரிந்தது. ஓக்னியான் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஸ்பாஸின் கையிலிருந்த நாடாவைச் சுருட்டி அவர் பையிலேயே போட்டுவிட்டுப் போனார்.

“என் பொண்ணு கல்யாணத்துல விழுந்தவங்களுக்கெல்லாம் இதுல பங்கு உண்டு,” என்றார் ஸ்பாஸ்.

“ஆட்டுக்கும் உண்டுண்ணே.”

அவர் போன பிறகும் அவள் விளக்கை அணைக்கவில்லை. எந்தச் சொல்லைச் சொன்னாலும் வருவது ஒன்றுதான் என்று எத்தனை வகுப்புகளில் சொல்லியிருப்பாள். அடுத்த வகுப்பில் அந்த இடம் வரும்போது என்ன சொல்வது என்று யோசித்தாள். கொஞ்சம் நிறுத்தலாம் என்று தோன்றியது.

ஸ்பாஸின் வெள்ளரிகள் அன்றிலிருந்து அந்த இலையை எட்டிப் பார்த்து வளைந்தே வளர்ந்தன. அலுவலகத்தில் அதற்கப்புறம் போட்ட கோடு ஒன்றுகூட நேராக இல்லை.