இருநூறு மீனும் ஒரு மதர்போர்டும்

மதர்போர்டு உயிரை விட்டது ஒரு வியாழக்கிழமை காலையில், சரியாக இருபத்து மூன்றாவது மீனின் வாலை வெட்டிக்கொண்டிருந்தபோது. கம்ப்யூட்டர் திரை கறுத்தது. பக்கத்தில் நின்ற வெட்டும் மெஷின் வாலைப் பாதியில் விட்டுவிட்டுச் சும்மா இருந்தது. வாலு தலையில் கை வைத்துக்கொண்டாள்.

வாலு என்பது சின்ன வயதில் செய்த சேட்டைக்கு வீட்டில் வைத்த பெயர். முப்பது வயதாகியும் அது நல்ல பசை போட்ட ஸ்டிக்கர் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது, உரித்தாலும் வரவில்லை. தொழிலும் ஸ்டிக்கராகவே அமைந்துவிட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, சுவர் முழுக்க ஸ்டிக்கருக்கான வண்ண வண்ண வினைல் ரோல்கள், நடுவில் அந்த மெஷின். கடைக்கு முதலாளிகள் இரண்டு பேர், தொழிலாளிகளும் அதே இரண்டு பேர்தான்: வாலுவும் அவளுடைய அண்ணியும். எட்டு மாதத்துக்கு முன்பு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலையை உதறிவிட்டு வாலு இதில் இறங்கினாள். அங்கே ஆறு வருடம் "பை வேணுமா? கார்டு இருக்கா?" என்று மட்டுமே கேட்டுக் கேட்டு அவளுக்குத் தன் குரலே பிடிக்காமல் போயிருந்தது. இங்கே அவள் வரைந்தாள், வெட்டினாள், ஒட்டினாள், யாரும் இல்லாதபோது உரக்கப் பாடவும் செய்தாள்.

கையில் இருந்தது நீச்சல் குளத்து ஆர்டர். பிள்ளைகளுக்கென்று கட்டிய புதுக் குளம், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதில் இருநூறு மீன் ஒட்டித் தர வேண்டும். திங்கட்கிழமை திறப்பு. கடை தொடங்கியதிலிருந்து இவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை.

கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தபோது மதர்போர்டில் ஒரு மூலை கருகியிருந்தது. வேறு எது போயிருந்தாலும் சமாளித்திருக்கலாம். மெஷினுக்கு வயது பதினேழு. கம்ப்யூட்டரோடு பேச அதற்குத் தெரிந்தது ஒரே வழிதான், ஒன்பது ஊசி உள்ள பழைய காலத்துச் சீரியல் போர்ட். இப்போது வரும் கம்ப்யூட்டர் எதிலும் அது கிடையாது. பக்கத்துக் கடை லேப்டாப்பைக் கடன் வாங்கி, ஒரு மாற்று வயரைப் போட்டு முயன்று பார்த்தார்கள். மெஷின் மூன்று செதிலை வெட்டிவிட்டு மௌன விரதத்தில் உட்கார்ந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அண்ணி யாரிடமோ நீளமாகப் பேசிவிட்டுப் போனை வைத்தாள்.

"பழைய சாமான் வியாபாரிகிட்ட பேசினேன்டி. மெஷினுக்கு எட்டாயிரம் தரானாம். சனிக்கிழமை நாலு மணிக்கு வண்டியோட வருவான்."

"அண்ணி! மெஷினையா விக்கப்போறீங்க?"

"கையில இருக்கிறது நாலாயிரம். அதுக்குள்ள ஒரு மதர்போர்டு கிடைச்சு, சனிக்கிழமை நாலு மணிக்குள்ள இது ஓடினா ஓடட்டும். இல்லேன்னா அந்த எட்டாயிரமாவது மிஞ்சும். நீயே சொல்லு, வேற வழி இருக்கா?"

வாலுவுக்கு வழி எதுவும் தெரியவில்லை. மெஷின் போனால் கடை போயிற்று. கடை போனால் மறுபடியும் "பை வேணுமா?" தான்.

மறுநாள் காலை செத்துப்போன மதர்போர்டை ஒரு பழைய துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு இருவரும் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் தெருவுக்குப் போனார்கள். அண்ணி பேரத்தில் புலி. பஸ்ஸில் ஏறினால் டிக்கெட்டுக்கும் பேரம் பேசுவாள் என்று அண்ணன் சொல்வதில் பாதியாவது உண்மை. அவளோடு கடைக்குப் போவது வாலுவுக்குப் பாதி பெருமையாகவும் பாதி மானம் போவதாகவும் இருக்கும்.

முதல் கடை குளுகுளுவென்று இருந்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய விற்பனையாளர் புத்தம்புது மதர்போர்டு ஒன்றைக் காட்டினார், மூவாயிரத்து ஐநூறுதான். வாலுவின் முகம் மலர்ந்தது. "ஆனா உங்க பழைய பிராசசர் இதுல உக்காராது. ரேமும் வேற. எல்லாம் சேத்து பதினாலாயிரம் ஆகும்," என்றார் அவர். சீரியல் போர்ட் என்று அண்ணி வாயைத் திறந்ததும் அவர் சிரித்தே விட்டார். "அந்த மெஷினைத் தூக்கிப் போடுங்க மேடம்."

"உங்க வீட்டுல வயசானவங்க இருந்தா அவங்களையும் இப்படித்தான் தூக்கிப் போடுவீங்களா?" என்று கேட்டுவிட்டு அண்ணி வெளியே வந்தாள்.

இரண்டாவது கடைக்காரரிடம் அவர்கள் தேடியதே இருந்தது. அதே வகை, பின்பக்கம் ஒன்பது ஊசிப் போர்ட்டும் பளிச்சென்று தெரிந்தது. விலை ஆறாயிரத்து ஐநூறு. "பழசாச்சே, புதுசை விட ரெண்டு மடங்கு சொல்றீங்களே?" என்று அண்ணி பாய்ந்தாள். "புதுசு எங்க வேணும்னாலும் கிடைக்கும். இது கிடைக்காது. அதான் விலை," என்றார் அவர் நிதானமாக. அரை மணி நேரம் மல்லுக்கட்டி அண்ணி அவரை ஐயாயிரத்து இருநூறுக்கு இறக்கினாள். அதற்குக் கீழே அவர் அசையவில்லை. கல்லில் நார் உரிக்கும் அண்ணிக்கே நார் வரவில்லை. வாலுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்றாவது கடை என்று அதைச் சொல்ல முடியாது. மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, மேசைமேல் பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கு, அதன் பின்னால் ரிப்பேர் பார்க்கும் ஓர் அக்கா. அவள் கருகிய போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், முகர்ந்துகூடப் பார்த்தாள்.

"இதைக் காப்பாத்த முடியாது. ஆனா உங்க பிராசசரும் ரேமும் உக்கார்ற போர்டு ஒண்ணு எங்கிட்ட இருக்கு. பழசுதான், நல்லா ஓடுது."

அட்டைப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். வாலு முதலில் பார்த்தது பின்பக்கத்தைத்தான். அங்கே ஒன்பது ஊசிப் போர்ட் இல்லை.

"இதுல அது இல்லையேக்கா."

"வாசல்தான் இல்ல. வழி இருக்கு," என்ற அக்கா, போர்டின் ஓரத்தில் விரலை வைத்தாள். மேல் வரிசையில் ஐந்து, கீழ் வரிசையில் நான்கு, மொத்தம் ஒன்பது குட்டி ஊசிகள் நின்றன. "நிறைய போர்டுல இது இருக்கு, யாரும் கண்டுக்கிறதில்ல. ஒரு வயரை இதுல செருகி, மறுமுனையைப் பொட்டிக்குப் பின்னால திருகிட்டா உங்க போர்ட் ரெடி. போர்டும் வயரும் சேத்து மூவாயிரத்து அறுநூறு."

வாலுவுக்கு அக்காவைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. நாலாயிரத்துக்குள் வந்துவிட்டது! அவளாக இருந்தால் அங்கேயே எண்ணிக் கொடுத்திருப்பாள். அண்ணி விடுவாளா? கால் மணி நேரத்தில் மூவாயிரத்து இருநூறு ஆயிற்று. அதற்கு மேலும் அவள் கை ஊறியது.

"அந்த வயர் இல்லாம எவ்ளோ? எங்க கடையில பழைய வயரெல்லாம் போட்டு வச்ச பொட்டியில அந்த மாதிரி ஒண்ணு கிடக்கு."

"இல்லாம ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம். ஆனா உங்க வயர்ல வரிசை வேற மாதிரி இருக்கும். பிளக்குல இருந்து ஒவ்வொரு கம்பியா எடுத்து மாத்திச் செருகணும்." அக்கா ஒரு புத்தகத்தைத் திறந்து வரிசைப் படத்தைக் காட்டினாள். "போட்டோ எடுத்துக்குங்க."

"போட்டோ எதுக்கு? நான் வரைஞ்சுக்கிறேன்," என்றாள் அண்ணி. கடையில் அளவெடுத்து வரைவது அவள் வேலை, அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஸ்டிக்கர் உரித்த தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, எண் எழுதி, அழகாக வரைந்துகொண்டாள். மிச்சம் பிடித்த பணத்தைப் பையில் போட்டபோது அவள் நடையே மாறிவிட்டது.

சனிக்கிழமை காலை பிராசசர், ரேம் எல்லாம் புதுப் போர்டுக்குக் குடி மாறின. ஸ்விட்சைத் தட்டியதும் 'பீப்' என்று ஒரு சத்தம், திரையில் வெளிச்சம். ஹார்டு டிஸ்க்கில் மீன்கள் பத்திரமாக இருந்தன. இருவரும் கைதட்டிக் குதித்ததில் ஒரு ரோல் உருண்டு தெருவுக்கே போய்விட்டது.

பிறகு வாலு கூர்மூக்கு இடுக்கியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அண்ணியின் படத்தைப் பார்த்துப் பார்த்து ஒன்பது கம்பிகளையும் பிளக்கில் மாற்றிச் செருகினாள். மாட்டினாள். வெட்டு என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னாள்.

மெஷின் அசையவில்லை.

கழற்றி மாட்டினாள். அணைத்துப் போட்டாள். கம்பிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். மணி ஒன்றாயிற்று, இரண்டாயிற்று. சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே கிடந்தது. இரண்டரைக்கு வாலுவின் பொறுமை போயிற்று.

"எல்லாம் உங்க கஞ்சத்தனத்தால வந்தது அண்ணி! முந்நூறைப் பாக்காம அந்த வயரை வாங்கியிருந்தா இந்நேரம் நூறு மீன் வெட்டியிருக்கலாம்!"

"ஆமாடி, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொல்வாளாம். நான் கொடுத்த படத்தைப் பாத்து ஒம்பது கம்பி செருக வக்கில்ல உனக்கு!"

"உங்க படம்தான் தப்பு. புத்தகத்துல இருந்தபடியே வரைஞ்சீங்களா, இல்லையா?"

"இருந்தபடியே வரைய நான் என்ன ஜெராக்ஸ் மெஷினா? புத்தகத்துல இருந்தது போர்டை மேல இருந்து பாத்த படம். பிளக் அதுமேல கவுந்து உக்காரும். அதோட வாயைப் பாத்துச் செருகும்போது இடது வலதாயிடும்ல? நம்ம கண்ணாடி வேலை மாதிரிதானே. அதனால திருப்பித்தான் வரைஞ்சேன். உனக்கு வேலை மிச்சமாகட்டும்னு!"

கண்ணாடி ஸ்டிக்கரை உள்பக்கமாக ஒட்டுவார்கள், ஆனால் தெருவிலிருந்து படிக்க வேண்டும். அதனால் எழுத்தை இடம் வலமாகத் திருப்பித்தான் வெட்ட வேண்டும். எட்டு மாதமாக இருவரும் தினம் செய்வது இதுதான். மளிகைக் கடைச் சீட்டைக்கூடச் சில சமயம் திருப்பிப் படித்துவிட்டு இருவரும் சிரிப்பார்கள்.

வாலுவின் கையில் இருந்த இடுக்கி அப்படியே நின்றது.

"அண்ணி, நீங்க திருப்பினீங்களா?"

"ஆமா."

"நானும் திருப்பினேன்."

"என்னது?"

"நீங்க புத்தகத்துல இருந்தபடியே வரைஞ்சிருப்பீங்க, பிளக் கவுந்து உக்காருமேன்னு நானா யோசிச்சு... திருப்பிச் செருகினேன். சொன்னா நீங்க பெருமையடிச்சுக்குவீங்கன்னு சொல்லல."

ஒரு முறை திருப்பினால் சரி. இரண்டு முறை திருப்பினால், திருப்பாததற்குச் சமம். இதை வேறு எவரும் செய்திருக்க முடியாது. ஒன்றும் தெரியாத ஒருத்தி செருகியிருந்தால் காலையிலேயே ஓடியிருக்கும். கெட்டிக்காரிகள் இரண்டு பேர் ஒரே அறையில் இருந்ததுதான் கோளாறு.

முதலில் சிரித்தது அண்ணிதான். மூக்கு வழியாக 'புஸ்' என்று ஆரம்பித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். வாலு தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கும்போது ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பாள், மறுபடியும் பீறிட்டுவிடும். மணி மூன்றைத் தொட்டதைப் பார்த்தபிறகுதான் எழுந்தார்கள்.

இந்த முறை அண்ணி படத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள், வாலு திருப்பாமல் செருகினாள். "திருப்பலையே?" "திருப்பல." "சத்தியமா?" "உங்க மேல சத்தியமா." பிளக்கை மாட்டினாள். பட்டனை அழுத்தினாள்.

மெஷின் ஒரு முறை முனகியது. கத்தி இடது ஓரத்துக்கு ஓடியது, இறங்கியது, வளைந்தது. மஞ்சள் வினைலில் ஒரு மீனின் முதுகு தெரிந்தது, பிறகு துடுப்பு, பிறகு வால், முழு வால். வாலு மெஷினின் ஓரத்தைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். இத்தனை சந்தோஷம் தனக்குள் எங்கே இருந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"அழு, நல்லா அழு," என்றாள் அண்ணி தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு. "ஆனா தள்ளி நின்னு அழு. ரோல் நனைஞ்சா யார் காசு கொடுப்பா?"

வியாபாரி சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே வந்தார். வண்டியைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். நாற்பத்து நான்காவது மீன் ஓடிக்கொண்டிருந்தது.

"அட, ஓடுதா? ஓடுற மெஷின்னா விலையே வேற. பத்தாயிரம் தரேன்."

அண்ணி பேசவில்லை. வாலுவுக்குப் பகீரென்றது. விலை ஏறும்போது அண்ணி சும்மா இருந்து அவள் பார்த்ததே கிடையாது. ஏறுகிற வரைக்கும் ஏறட்டும் என்று காத்திருக்கிறாளோ?

"சரி, பன்னிரண்டு. வண்டி வாடகை வீணாப் போகும், அதுக்காகச் சொல்றேன்."

"விலை பேச வேண்டாங்க," என்றாள் அண்ணி. "இது விக்கிறதுக்கு இல்ல."

"பதிமூணு!"

"நீங்க எவ்ளோ சொன்னாலும் இல்ல. போயிட்டு வாங்க."

வண்டி கிளம்பிப் போயிற்று. ஒரு கீரைக்கட்டுக்குப் பத்து நிமிடம் வாதாடுகிற அண்ணி, பதிமூன்றாயிரத்தை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள், ஒரு வார்த்தை பேரம் பேசாமல். இனி யார் வந்து என்ன விலை சொன்னாலும் இந்தக் கடை இருக்கும் என்று வாலுவுக்கு அந்த நிமிடம் உறுதியாகத் தெரிந்தது.

அண்ணி வாசல் வரைக்கும் போய் வண்டி போன தெருவை எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, வருத்தமா இருக்கா?"

"சேச்சே, எனக்கென்ன வருத்தம்." அவள் நீல ரோலை எடுத்து வாலுவின் கையில் கொடுத்தாள். "பதினஞ்சு வரைக்கும் ஏறியிருப்பான்டி. வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னால அதை மட்டும் பாத்திருக்கலாம்."