முப்பத்திரண்டு பதில்கள்

அரியலூரில் இருக்கும் எங்கள் சின்ன மென்பொருள் ஆபீசுக்கு ஒரு பெண்கள் அமைப்பு வேலை கொடுத்தது. குன்னம் பக்கத்துக் கிராமங்களில் பெண்களிடம் தனியாகக் கேட்கும் கேள்விகளுக்கான செயலி அது. "வீட்டில் உங்களை யாராவது அடிக்கிறார்களா?" என்பது முதல் கேள்வி. சொல்வது 'ஆம்' என்றாலும் 'இல்லை' என்றாலும், புரியாத எழுத்துக் குவியலாக மாறித்தான் எங்கள் கணினிக்கு வரும். அதைத் திறக்கும் சாவி பெரம்பலூரில் உள்ள அந்த அமைப்பின் ஆலோசகரிடம் மட்டும். செயலியை எழுதியது நான். கொஞ்சம் பெருமையாகவே இருந்தேன்.

பதிவுகள் ஒழுங்காக வந்து சேர்கின்றனவா என்று பார்ப்பது அனுசுயாவின் வேலை. அதிகம் பேச மாட்டார். ஒரு மதியம் என் மேசைக்கு வந்தார்.

"சார், இந்தப் பூட்டு பூட்டலைங்க."

"என்னங்க சொல்றீங்க?"

"நானும் குன்னத்துக்காரிதான. எங்கிட்டயும் வந்து கேட்டாங்க. இதுதான் என் பதிலு." தன் பெயருக்கு நேரே இருந்த குவியலைக் காட்டினார். "இதே எழுத்து இன்னும் முப்பத்தோரு பேருக்கு வந்திருக்கு. அப்ப அவங்க சொன்னதும் எனக்குத் தெரிஞ்சு போச்சுல்ல?"

என் தவறு அப்போதுதான் புரிந்தது. ஒரே சொல்லை ஒரே சாவியால் பூட்டினால் ஒரே குவியல்தான் வரும். ஒவ்வொரு முறையும் யாராலும் ஊகிக்க முடியாத ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்துக் கலந்திருக்க வேண்டும். நான் அதைச் செய்யவில்லை.

"நீங்க என்ன..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

"ஆமான்னுதாங்க சொன்னேன்." "சொல்லாம இருந்துடலாம்னுதான் பார்த்தேன். ஆனா அதுல ஒருத்தியோட வூட்டுக்காரன் கையில இது சிக்குனா என்னாவறது?"

அன்றே திருத்தினேன். ஆலோசகர் பழைய பதிவுகளைத் திறந்து, புதிய முறையில் மறுபடி பூட்டினார். முப்பத்திரண்டு 'ஆம்'களும் முப்பத்திரண்டு விதமாக வந்தன. அனுசுயா பட்டியலை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார்.

"யாரு என்ன சொன்னாங்கன்னு ஒண்ணும் வெளங்கல சார்" என்றார். அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

மறுவாரம் அனுசுயாவே போய் ஆலோசகரைச் சந்தித்தார். இப்போது குன்னத்து வீட்டை விட்டு, பெரம்பலூரில் தங்கை வீட்டிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வருகிறார். அந்த முப்பத்தோரு பெண்களுக்கு அவர் செய்தது தெரியாது, தெரியப்போவதும் இல்லை. அவர்களுக்கும் சேர்த்து நான்தான் நன்றி சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

"இருக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பதிவைப் பார்க்கப் போய்விட்டார்.