ஹியரா, ஹியரிங்கா

1
இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில். நோயாளிக்குத் துணையாகத் தங்கியிருந்தவன், போர்வை மாற்றப் போனேன். உள்ளே இரண்டு பெண்கள் ஒரு செல்போன்மேல் தலையைக் கவிழ்த்து நின்றார்கள். “ஹியர் இல்லக்கா, ஹியரிங்” என்றாள் ஒருத்தி. காதில் விழுந்தது அவ்வளவுதான். மீதி நான் கட்டியது.

2
முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘நீராவிக்குள் அவள் ஒரு’

(வேண்டாம். கண்ணீருக்கு வழி பண்ணுகிறேன் என்று கண்டுபிடித்துவிடுவீர்கள்.)

நேராகவே சொல்கிறேன். அக்கா அங்கே படுக்கைவிரிப்பு தேய்ப்பவள். விவாகரத்தானதும் புருஷன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிநாடு போய்விட்டான். பிள்ளைக்கு அப்போது பேச்சே திருந்தவில்லை. இப்போது மீசை முளைத்துவிட்டது, தமிழ் தெரியாது. இன்று காலை ஆங்கிலத்தில் ஒரு வரி அனுப்பியிருந்தான்: நீங்கள்தான் என் அம்மா என்கிறார்கள், உண்மையா?

3
அக்கா கூப்பிட்டதும் ஓடிவந்த தங்கை, ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் இருப்பவள். நாள் முழுக்க ஆங்கிலம் தட்டும் கை. ‘ஆமாம், நான்தான்’ என்று எழுதிவிட்டு, கடைசியில் ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வேர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ’* என்று முடித்தாள்.

“அப்படின்னா?”

“உன் பதிலை ஆவலா எதிர்பார்க்கிறேன்னு அர்த்தம்.”

“இதை வேற யாருக்கெல்லாம் எழுதுவே?”

“கிளினிக்ல எல்லாருக்கும்தான். பல்லு பிடுங்க வர்றவங்களுக்கு.”

அக்கா போனைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

“இலக்கணம் சுத்தமா இருக்குக்கா.”

“எனக்கு ஆவலா இல்லடி. பயமா இருக்கு. அதுக்கு என்ன எழுதுவாங்க?”

* அந்த ‘டு’வுக்குப் பிறகு ‘ஹியர்’ போடுவது பலரும் செய்யும் பிழை. தங்கை எழுதியதுதான் சரி. அவள் பக்கம் தப்பே இல்லாததுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

4
“ஐ ஆம் வெயிட்டிங்னு போடு.”

“அதட்டுற மாதிரி இருக்கும்க்கா. கடையில சாமானுக்கு நிக்கிறவங்க சொல்ற மாதிரி.”

“நின்னுட்டுத்தானே இருக்கேன்.”

தங்கை அழித்தாள். அக்கா சொன்னபடியே மாற்றினாள். அனுப்ப மனம் வராமல் அவள் விரல் அந்தரத்தில் நின்றது. அக்கா அதை ஒதுக்கிவிட்டுத் தானே அழுத்தினாள்.

5
இரண்டு முடிவுகள் எழுதிவைத்திருந்தேன். ஒன்றில் பையன் உடனே கூப்பிடுகிறான் (நம்பமாட்டீர்கள்). மற்றதில் பதிலே இல்லை (அக்காவின் முகத்தைப் பார்த்தவன் நான், கை வரவில்லை). இரண்டையும் கிழித்தாயிற்று.

திரையில் ‘டைப்பிங்’ என்று வந்தது. மறைந்தது. மறுபடி வந்தது.

“என்னடி அது?”

“எழுதிட்டு இருக்கான்.”

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“மெஷின் நின்னுடுச்சுக்கா. சூப்பர்வைசர் பார்க்கிறாரு.”

“பார்க்கட்டும்.”

அவன் பதிலை நான் எழுதினால் பல் டாக்டர் கடிதம்போலச் சுத்தமாக வந்துவிடும். போனை உங்களிடம் நீட்டுகிறேன். திரை அணையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.