புகை படாதது

மரத்துடுப்பால் அண்டாவின் அடியைக் கீறினேன். ஒரு கணம் அடி தெரிந்தது. உடனே சிவப்புக் குழம்பு இரு பக்கமும் வழிந்து மூடிக்கொண்டது. கீறிய பாதை மூடாமல் நின்றால்தான் அய்வார் என்கிற குடைமிளகாய்த் தொக்குக்குப் பதம். இன்னும் இரண்டு மணி நேரமாவது கிண்ட வேண்டும். அதற்குள் கேஸ் தீர்ந்து அடுப்பு அணைந்துவிட்டது.

கோடையிலிருந்து சிலிண்டர் விலை மூன்று முறை ஏறியதால், போன வருடம் எரிந்ததை வைத்து அளந்து வாங்கியிருந்தேன். இந்தச் செப்டம்பரில் மழை ஓயவே இல்லை என்பதை யோசிக்கவில்லை. சுட்டு உரித்த குடைமிளகாயில் அத்தனை தண்ணீர்.

"இப்படியே பாட்டில்ல அடைச்சிடலாமா?" என்றேன்.

"அடை. பத்து நாள்ல நுரைச்சு மூடி தெறிக்கும். அப்புறம் நீஷ் டவுன் கடைக்காரன் நம்மளத் தெறிக்க விடுவான்" என்றாள் என் மனைவி ராதோய்கா.

பக்கத்து முற்றத்தில் பிளாகோயே பிளம் பழச் சாராயம் வடித்துக்கொண்டிருந்தார். விறகடுப்பு.

"அவர் வேலை முடியப்போகுது. போய்க் கேளு."

கேஸ் அடுப்பு வாங்கிய ஆண்டில், அவர் புகை என் பாட்டில்களில் ஏறுகிறதென்று வேலிக்கு மேல் தகரம் அடித்தவன் நான். லேபிளிலும் 'புகை படாதது' என்று அச்சடித்தேன். அந்தத் தகரத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தகரம் என்ன சொல்லுது?" என்றாள்.

அண்டாவைக் கைவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனோம். பிளாகோயே எழுந்திருக்கவில்லை.

"வாங்க கேஸ் முதலாளி! நம்ம வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா?"

"ரெண்டு மணி நேரம் அடுப்பு வேணும்ணே."

"புகை வருமே?"

"வரட்டும்."

சாராயக் கொப்பரையை ஏற்கெனவே இறக்கியிருந்தார். அடுப்பில் இரண்டு கட்டைகளைத் தள்ளினார். முதலில் ராதோய்கா கிண்டினாள், பிறகு நான். கை ஓய்ந்தபோது, கேட்காமலே அவர் துடுப்பை வாங்கிக்கொண்டார். பொழுது சாயும்போது அவர் அடியைக் கீறினார். பாதை மூடவில்லை.

துடுப்பில் ஒட்டியதை ரொட்டியால் வழித்து வாயில் போட்டு, அவசரமில்லாமல் மென்றார்.

"நல்லாத்தான் இருக்கு. புகைதான் கொஞ்சம் தூக்கல்."

வீட்டுக்கு வந்து சூடு ஆறுமுன் பாட்டில்களில் அடைத்தோம். நான் லேபிள் கட்டைப் பிரித்து, 'புகை படாதது' என்ற வரியைக் கறுப்புப் பேனாவால் ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கினேன்.

"கடைக்காரன் திருப்பி அனுப்பினா?"

"குளிர்காலம் பூரா நாம தின்போம்."

ராதோய்கா இன்னொரு பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.